பெயரும் உருவமும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவிலே பேச வேண்டுமென்று செயலாளர் எம்மைக் கேட்டபோது, சமயப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வதென்று எண்ணியிருந்தோம். ஆனால், இன்று காலை மண்டபத்துக்குள் நுழைந்தவுடன், பின்சுவரிலே நூலில் கோத்துத் தொங்கவிடப்பட்டிருந்த படங்கள் எமது கண்ணைக் கவர்ந்தன. மன்றத்துப் பிள்ளைகள் எமது மலைக்கு அப்பால் உள்ள காட்டின் செடிகொடிகளையும் பறவைகளையும் ஓணான்களையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் முன்னே அரைமணி நேரம் நின்றோம். நின்றபோது எமது மனத்திலே பழைய கடன் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆகவே எழுதிக் கொண்டு வந்த உரையைச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, அந்தப் படங்களைப் பற்றியே பேசுவதென்று துணிந்தோம். பெரியோர்கள் பொறுத்தருள்வார்களாக.

முதலிலே ஒரு கேள்வி. பத்துப்பாட்டிலே ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டை நம்மவர் அறிவர். கபிலர் அதிலே, தலைவியும் தோழியும் மலைச்சாரலிலே பறித்துப் பாறையிலே குவித்த மலர்கள் 99இன் பெயர்களை அடுக்கிச் சொல்லியிருக்கிறார். உலக இலக்கியத்திலே இதற்கு ஒப்பு அரிது என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பேசுவது தகும். ஆனால் அந்த மலர்களிலே எத்தனையை நம்மால் கண்டு, இதுதான் அது என்று விரல் நீட்டிக் காட்ட முடியும்? காந்தளை அறிவோம், தாமரையை அறிவோம். இன்னும் சிலவற்றை அறிவோம். மற்றும் பலவற்றைப் பற்றி, அது இந்தச் செடி என்று ஒருவர் சொல்ல, அன்று, வேறொரு செடி என்று இன்னொருவர் மறுக்க, அறிஞரிடையே இன்றும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. காரணம் என்ன? பெயர் நமக்கு வந்து சேர்ந்தது. உருவம் வந்து சேரவில்லை. பாடியவர் இருந்தார், பக்கத்திலே அமர்ந்து வரைந்து வைத்தவர் இல்லை.

நமது சமய வாழ்விலும் இதே குறை உண்டு. தலந்தோறும் தல விருட்சம் வைத்து மரத்தைத் தெய்வமாக வணங்கிய மரபு நமது. சிதம்பரத்துக்குத் தில்லை, மதுரைக்குக் கடம்பு, காஞ்சிக்கு மா என்று ஒப்புவிப்போம். தில்லை, தில்லை என்று நாவாற் சொல்லும் நம்மிலே, தில்லை மரத்தின் இலை எப்படியிருக்குமென்று சொல்ல வல்லவர் எத்தனை பேர்? அது நமது நாட்டின் உப்பங்கழி ஓரங்களிலும் கண்டல்களோடு சேர்ந்து வளர்கின்ற மரந்தான். கண்டிருப்போம், தெரிந்திரோம். பெயரைப் போற்றி உருவத்தை மறத்தல் என்பது இதுவன்றோ!

இனி எமது வாசலுக்கு வருவோம். இறக்குவானைப் பக்கத்திலும் தெனியாயப் பக்கத்திலும் தேயிலை மலைகளிலே வாழும் நமக்கு அயல்வீட்டார் யார்? சிங்கராஜ வனமன்றோ! கொழுந்து பறிக்கும் மேட்டிலே நின்று தலையை நிமிர்த்தினால் அந்தக் கரும்பச்சைச் சுவர் தெரிகிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்ற காடு அது. அங்கே நிற்கும் மரங்களிலே நூற்றுக்கு 60க்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. வேறெந்த நாட்டிலே தேடினாலும் கிடையா.

அந்தக் காடு இன்று நிற்பதே ஒரு பெரும் பேறு. 1971ஆம் ஆண்டு தொடக்கம், ஒட்டுப்பலகை செய்வதற்காக இயந்திரங்களை உள்ளே விட்டு மரங்களை வெட்டினார்கள். மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 1977ஆம் ஆண்டு வெட்டு நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு, அதாவது 1978இலே, அது உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 1988ஆம் ஆண்டு உலக மரபுரிமை இடமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. உலகம் முழுவதும் இது எமது சொத்து என்று உரிமை கொண்டாடுகின்ற ஒரு பொருளுக்கு மிக அண்மையிலே குடியிருப்பவர்கள் நாம். ஆனால் நமது லயங்களிலே அதற்கு என்ன பெயர்? “அட்டைக் காடு.” இது நகைப்பதற்குரிய செய்தியன்று.

இப்பொழுது எமது கடனைச் சொல்லுகிறோம். 1980களின் நடுப்பகுதியிலே நாம் ஒரு தோட்டப் பாடசாலையிலே கற்பித்துக் கொண்டிருந்தோம். ஏழாம் வகுப்பிலே ஒரு பையன். தந்தை இல்லை, தாய் கொழுந்து பறிப்பவர். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, அவன் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்திலே தலையைக் கவிழ்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். சென்று பார்த்தோம். ஓர் ஓணான் வரைந்திருந்தான். முதுகுச் செதில்களை ஒவ்வொன்றாகப் போட்டிருந்தான். மூக்கின் நுனியிலே ஒரு சிறு கொம்பு. “ஓணானுக்குக் கொம்பு முளைத்த கதையை எங்கே கண்டாய்?” என்று கேட்டோம். வகுப்பு சிரித்தது. “இருக்குது சேர், ஓடைக்கு மேலே, மழை விட்ட பிறகு வரும்” என்றான். படத்தின் கீழே அவ்வாறே எழுதியும் வைத்திருந்தான். கொப்பியைப் பறித்து மேசை அறைக்குள்ளே போட்டோம். தவணை முடிவிலே வந்து, “சேர், கொப்பியைத் தருவீங்களா?” என்று கேட்டான். பிறகு பார்ப்போம் என்று அனுப்பினோம். அடுத்த ஆண்டு அவன் பாடசாலைக்கு வரவில்லை. கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். நாமும் இடமாற்றம் பெற்றுச் சென்றோம். அந்த மேசையும் கொப்பியும் என்னவாயின என்று அறியோம்.

1998ஆம் ஆண்டு ஒரு செய்தி வந்தது. நமது நாட்டின் மூக்குக் கொம்பு ஓணான் இனம் வேறெந்த நாட்டிலும் இல்லை. அதுவரை அந்த இனத்திலே மூன்று வகைகளே அறியப்பட்டிருந்தன. ரொஹான் பெத்தியாகொட, கெலும் மனமேந்திர ஆராச்சி என்னும் இலங்கை அறிஞர் இருவரும், இறக்குவானை மலையின் மோர்னிங்சைட் காட்டிலிருந்து மேலும் இரண்டு வகைகளைக் கண்டு அவ்வாண்டிலே பெயரிட்டார்கள். அதை வாசித்தபோது எமது நெஞ்சு ஒரு கணம் நின்றது. அந்தப் பையன் வரைந்தது பழைய மூன்றில் ஒன்றோ, புதிய இரண்டில் ஒன்றோ, நாம் சொல்ல இயலாது. சொல்வதற்கு வேண்டியது ஒன்றே. அது அந்தப் படம். அதைத்தான் நாம் தொலைத்துவிட்டோம். கபிலரின் பூக்களுக்கு உருவம் இல்லையே என்று சற்று முன் வருந்தினோமல்லவா? எமது கையிலே வந்த உருவத்தை நாமே தொலைத்த கதை இது. இதனை இச்சபையிலே சொல்லாமல், அந்தச் சுவரிலே தொங்கும் படங்களைப் புகழ்ந்து பேச எமக்கு யோக்கியதை இல்லை.

அன்பர்களே, நாட்டுப்புறத்துக் கைகள் காட்டை வரைவது புதுமையன்று. உலகம் இன்று கீழைநாட்டுச் செடிகளைப் பற்றி அறிந்துள்ளவற்றிலே பெரும்பங்கு அத்தகைய கைகளின் வழியாகவே சென்றது. பேராதனைத் தாவரப் பூங்கா 1821ஆம் ஆண்டிலே அமைந்தது. அதனை அமைத்த அலெக்சாண்டர் மூன் என்பவர் 1824இலே ஒரு செடிப் பட்டியலை அச்சிட்டார். 1,127 செடிகள், சிங்களப் பெயர்களோடு. அது பெயர்களின் பட்டியல். உருவம் கொடுக்க ஓர் ஓவியர் வேண்டுமே! அந்தப் பணிக்கு ஹரமானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன என்னும் நமது நாட்டவர் அமர்ந்தார். 1823 தொடக்கம் 1861 வரை, 38 ஆண்டுகள், அந்தப் பூங்காவிலே செடிகளை வரைந்தார். அவருக்குப் பின் அவருடைய மைந்தர்கள் அதே தூரிகையை ஏந்தினார்கள். 1880களிலே இலண்டனில் வெளிவந்த இலங்கை வண்ணத்துப் பூச்சிகள் பற்றிய பெருநூலுக்கு வில்லியம், ஜோர்ஜ் என்னும் அல்விஸ் சகோதரர்கள் வரைந்த சித்திரங்களே ஆதாரம். 1893க்கும் 1900க்கும் இடையிலே ட்ரைமன் என்பவர் தொடங்கி, அவர் மறைந்தபின் ஹூக்கர் முடித்த இலங்கைத் தாவர நூலோடு வந்த 100 வண்ணப் படங்களிலும் அந்தக் குடும்பத்தாரின் கைவண்ணம் உண்டு.

கடலுக்கு அப்பாலும் இவ்வாறே. கம்பெனி ஆட்சிக் காலத்திலே சென்னை மாகாணத்தில் வைத்தியராக இருந்த ராபர்ட் வைட் என்பவர், நீலகிரி முதலிய மலைகளின் செடிகளை ஆராய்ந்தார். அவருக்காக வரைந்தவர்கள் இருவர்: முதலில் ரங்கையா, 1845ஆம் ஆண்டளவில் அவருக்குப் பின் கோவிந்து. இருவரும் தெலுங்கு வழியினர். தஞ்சாவூர் ஓவிய மரபிலே வந்தவர்கள் எனக் கருதப்படுகின்றனர். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரச் சித்திர நூலிலே 2,101 படங்கள். இன்றும் எடின்பரோப் பூங்காவிலே அவ்விருவரின் மூல ஓவியங்கள் பேணிக் காக்கப்படுகின்றன.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அக்காலத்துப் படங்கள் பலவற்றிலே நூலாசிரியர் பெயர் இருக்கும். வரைந்தவர் பெயர் இராது. “சுதேச ஓவியன்” என்று இரண்டு சொல்லோடு முடித்துவிடுவர். வைட் அவ்வாறு செய்யவில்லை. ஓர் ஓர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே இட்டு வழங்கினார். அதைப் போல, இலையே இல்லாமல் பச்சை வேர்களாலேயே மரக்கிளையில் ஒட்டி வாழும் மிகச் சிறிய ஓர்க்கிட் ஒன்று இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உண்டு. அதன் விஞ்ஞானப் பெயரின் பிற்பகுதி “அல்விசியை” என்பது. அல்விஸ் என்ற பெயர் ஒரு செடியிலே ஒட்டி இன்றும் உயிர் வாழ்கிறது. செடிக்கு உருவம் கொடுத்தவனுக்குச் செடி பெயர் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

“அவர்களெல்லாம் அரசாங்கச் சம்பளம் பெற்ற ஓவியர்கள், எமது பிள்ளைகளால் முடியுமா?” என்று இங்கே ஒரு பெரியவர் மனத்துக்குள்ளே கேட்பது எமக்குக் கேட்கிறது. அதற்கு விடை தென்னமெரிக்காவிலே இருக்கிறது. பெரு நாட்டின் கிழக்கே, உக்காயாலி ஆற்றங்கரையிலே, புக்கால்பா என்றொரு பட்டணம். அமேசன் காட்டு மரத்தை வெட்டி விற்று வளர்ந்த பட்டணம் அது. அங்கே பப்லோ அமரிங்கோ என்பவர் வாழ்ந்தார். 1938இலே ஒரு சிற்றூரில் ஏழைக் குடும்பத்திலே பிறந்தவர். தாமே முயன்று ஓவியம் பயின்றவர். மூலிகை அறிந்த நாட்டு வைத்தியராகவும் பல ஆண்டுகள் இருந்தவர். லூயிஸ் எடுவார்டோ லூனா என்னும் ஆராய்ச்சியாளருடைய துணையோடு, 1988ஆம் ஆண்டு தமது வீட்டிலேயே உஸ்கோ அயார் என்னும் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். கட்டணம் கிடையாது.

அவர்களுக்குக் கற்பித்தது என்ன? தம்மைச் சூழ்ந்த காட்டின் மரத்தை, கொடியை, பறவையை, மீனைப் பிழையில்லாமல் வரைவது. தூரிகையைத் தொடுமுன் கண்ணை மூடி, வரையப் போகும் பொருளை உள்ளத்திலே முழுவதும் கண்டுகொள்ள வேண்டுமென்று அமரிங்கோ கற்பித்தார். நமது சமயத்திலே தியானம் என்பதற்கு மிக அண்மையில் நிற்கும் பயிற்சி இது. உள்ளத்திலே முழுவதும் காண வேண்டுமானால் முன்னர் வெளியிலே முழுவதும் கண்டிருக்க வேண்டுமே! ஆகவே அந்தப் பிள்ளைகள் காட்டைப் பார்க்கக் கற்றார்கள். மரத்தை வெட்டி விற்கும் ஊரிலே, மரத்தைப் பார்க்கத் தெரிந்த ஒரு தலைமுறை எழுந்தது. 1992ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றாடல் அமைப்பு அமரிங்கோவுக்கு உலக கௌரவப் பட்டியலிலே இடமளித்தது. 2009இலே அவர் மறைந்தார். மரவேலைப் பட்டணத்து ஏழைப் பிள்ளைகளால் முடிந்தது, தேயிலை மலைப் பிள்ளைகளால் முடியாதா?

இனி, வரைவது எப்படி என்பது பற்றிச் சில வார்த்தைகள். ஆசிரியத் தொழில் விட்டும் வாய் விடவில்லை, மன்னிக்க வேண்டும். ஒரு செடியை அழகாக வரைவது வேறு. உண்மையாக வரைவது வேறு. உண்மையாக வரைபவன் முதலில் எண்ணுகிறான். இலைகள் தண்டிலே எதிரெதிராக நிற்கின்றனவா, மாறி மாறி நிற்கின்றனவா? பூவிதழ் எத்தனை? நாகமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நமது தேசிய மரம். கோயில்களிலும் விகாரைகளிலும் காண்கிறோம். பூவிலே நான்கு வெள்ளை இதழ்கள். நடுவிலே மஞ்சள் கேசரங்கள் கூட்டமாக. இளந்தளிர் சிவப்பாகப் பிறந்து பின்னர் கரும்பச்சையாகிறது. சுவரிலே ஒரு தங்கை வரைந்த நாகப்பூவுக்கு ஐந்து இதழ் இருக்கின்றது. அம்மா, படம் அழகு. ஆனால் மரம் அதை ஒப்புக்கொள்ளாது! அடுத்த ஞாயிறு ஒரு பூவைக் கையில் வைத்து மீண்டும் எண்ணிப் பார்.

இரண்டாவது, அளப்பது. ஒரு அடிமட்டமும் கவராயமும் போதும். இயன்றவரை இயற்கை அளவிலேயே வரைய வேண்டும். இயலாதபோது, எத்தனை மடங்கு சிறிதாக்கினோம் என்று ஓரத்திலே ஒரு கோடு போட்டுக் காட்ட வேண்டும். மூன்றாவது, இலையைத் திருப்பிப் பார்ப்பது. மரமஞ்சளை எல்லோரும் கொத்தமல்லியோடு அவித்துக் குடித்திருக்கிறோம். அந்த மஞ்சட் கட்டையை அறிவோம். அது எந்தக் கொடியிலிருந்து வருகிறதென்று கேட்டால் விழிப்போம். பெரிய இலை, மேற்புறம் பச்சை, கீழ்ப்புறம் வெளுப்பு. கீழ்ப்புறத்தைப் பாராதவன் அந்தக் கொடியைப் பாதியே பார்த்தவன். மருந்துக்காக அளவுக்கு மிஞ்சி வெட்டப்பட்டதால் அது காடுகளிலே அருகி வருகிறது. அதன் உருவை அறிந்தவர் பெருகுவது அவசரமான காரியம்.

நான்காவது, படத்தின் கீழே எழுதுவது. எந்த இடம், எந்த நாள், தமிழிலே என்ன பெயர், சிங்களத்திலே என்ன பெயர். இந்தக் காட்டின் செடிகளுக்குச் சிங்களக் கிராமத்தவர் இட்ட பெயர்கள் நிறைய உண்டு. இலை நுனியிலே கெண்டி போன்ற குடுவையைத் தொங்கவிட்டுப் பூச்சி பிடிக்கும் செடியை அவர்கள் பாந்துரா என்கிறார்கள். நீல உடலும் செம்பழுப்புத் தலையும் சிவந்த அலகும் கொண்ட காட்டுப் பறவையைக் கெஹிபெல்லா என்கிறார்கள். இரண்டும் இலங்கைக்கே உரியவை. அயற்கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் சென்று, “ஐயா, இதற்கு உங்கள் ஊரிலே என்ன பெயர்?” என்று கேட்கும் இளைஞன், படத்தோடு ஒரு நட்பையும் கொண்டு திரும்புகிறான். நம் நாட்டுக்கு இது சிறிய இலாபமன்று.

ஐந்தாவது, ஒரு எச்சரிக்கை. காட்டு எல்லைக்குள்ளே சென்று ஓர் இலையைப் பறிப்பதும் சட்டத்துக்கு மாறு. ஆதலால் நின்ற இடத்திலே நின்று வரையுங்கள்; அல்லது தோட்டத்து ஓடைக்கரையிலும் பாதையோரத்திலும் உள்ளவற்றை வரையுங்கள். காட்டைக் காப்பதற்கென்று வரைகிறவன் காட்டைக் குறைத்தல் ஆகாது.

இங்கே இளைஞர்கள் பக்கமிருந்து ஒரு கேள்வி வரும். “கையிலே கைபேசி இருக்கிறது, ஒரு நொடியிலே படம் பிடித்துவிடலாம். மூன்று ஞாயிறு உட்கார்ந்து ஏன் வரைய வேண்டும்?” நல்ல கேள்வி. கைபேசி அந்த நொடியைப் பிடிக்கிறது. வரைபவனோ, மொட்டை ஒரு மாதத்திலும் மலரை மறு மாதத்திலும் விதையை அதற்கும் பின்னரும் கண்டு, மூன்றையும் ஒரே தாளிலே சேர்க்கிறான். 1787இலே இங்கிலாந்தில் தொடங்கிய கேர்ட்டிஸ் தாவரச் சஞ்சிகை இன்றும் கையால் வரைந்த படங்களை வெளியிட்டு வருகிறது. படம் பிடிக்கும் கருவி இல்லாத குறையாலன்று. அதற்கும் மேலே, படம் பிடித்தவன் மறுநாள் மறந்துவிடுகிறான். வரைந்தவன் சாகும்வரை மறவான். கருவியின் ஞாபகத்திலே தங்குவது வேறு, மனிதனின் ஞாபகத்திலே தங்குவது வேறு.

பெற்றோர் பக்கமிருந்து வரும் கேள்வி இதனினும் கடினமானது. “இது சோறு போடுமா?” எமது பையனின் தாயும் இதையே கேட்டிருப்பாள். சோறு போடும் என்று நாம் பொய்வாக்குக் கொடுக்க மாட்டோம். ஓவியத்தால் மட்டும் பிழைத்தவர் எந்நாட்டிலும் சிலரே. ஆயினும், சிங்கராஜ வனத்தைக் காண உலகெங்கிருந்தும் மக்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டிகள் வேண்டும். இலையைத் திருப்பிப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவனுக்கு அங்கே மதிப்பு உண்டு. விவசாயம், மருத்துவம், தாவரவியல் என்று எந்தப் படிப்புக்குச் சென்றாலும் கூர்ந்து பார்க்கப் பழகிய கண் துணை நிற்கும். ஒன்று மட்டும் துணிந்து சொல்வோம். படம் வரைந்ததால் எந்தப் பிள்ளையும் கெட்டதை நாம் கண்டதில்லை. வரைந்ததைப் பறித்ததால் மனம் ஒடிந்த பிள்ளையை நாமே கண்டிருக்கிறோம்.

வரைந்து அறிந்த கண்ணினால் என்ன பயன் என்பதற்கு இன்னும் ஒரு செய்தி. குருடியா சைலனிக்கா என்று ஒரு மரம், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, இலங்கைக்கே உரியது. 2012ஆம் ஆண்டுச் செம்பட்டியலிலே அது அற்றுப்போன மரமென்று எழுதிவிட்டார்கள். 2019இலே கம்பஹாவுக்கு அண்மையில் தரலுவை என்னும் இடத்திலே ஒரு மரம் உயிரோடு நிற்பது தெரிய வந்தது. எத்தனை ஆயிரம் பேர் அதன் அருகாலே சென்றிருப்பர்! அதன் உருவத்தை அறிந்த ஒரு கண் படும்வரை அது வெறும் மரம். 2021இலே நெடுஞ்சாலை வேலைக்காக அதனை வெட்டும் பேச்சு எழுந்தபோது நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. பெயரும் உருவமும் தெரிந்துவிட்ட பிறகு அதனை ஓசையின்றி வெட்ட முடியவில்லை. 1977இலே சிங்கராஜ வனத்தைக் காத்ததும் இதே வகையான மக்கட் குரல்தான். நமது மலைச்சாரலிலும் அவ்வாறு பெயரின்றி, உருவின்றி நிற்பவை எத்தனையோ!

ஆகவே, முடிவாக, இரு சாராரிடமும் வேண்டிக்கொள்வது இது. பெரியோர்களே, மன்றத்தின் வருமானத்திலே ஒரு சிறு பகுதியைத் தாளுக்கும் பென்சிலுக்கும் நிறத்துக்கும் ஒதுக்குங்கள். திருவிழாவுக்குப் பந்தல் போடும் செலவிலே ஒரு தோரணத்தைக் குறைத்தாலும் போதும். ஆண்டவன் கோபித்துக்கொள்ள மாட்டான். பிள்ளை வரைந்ததைக் கிழிக்காதீர்கள். பூட்டி வைத்துத் தொலைக்காதீர்கள். மன்ற நூல்நிலையத்திலே ஓர் இரும்புப் பெட்டியை வாங்கி, கறையானும் ஈரமும் புகாமல் படங்களை அதிலே வையுங்கள். ஆண்டுதோறும் இந்த மலரிலே இரண்டொரு படங்களையாவது அச்சிடுங்கள்.

இளைஞர்களே, ஒவ்வொரு படத்தின் கீழும் உங்கள் பெயரை எழுதுங்கள். பெருமைக்காகவன்று. பிழை இருந்தால் கேட்பதற்கும், பிற்காலத்தவர் நன்றி சொல்வதற்கும் ஒரு பெயர் வேண்டும். சுவரிலே இன்று தொங்கும் 22 படங்களிலே ஒன்பதில் மட்டுமே பெயர் கண்டோம். கூட்டம் கலையுமுன் மற்றப் பதின்மூன்றிலும் பெயர் எழுதப்பட வேண்டுமென்பது எமது கட்டளை. பழைய வாத்தியாரின் கட்டளை.

அந்தப் படங்களிலே கடைசி வரிசையில் ஓர் ஓணான் இருக்கிறது. மூக்கிலே கொம்பு இருக்கிறது. கீழே, மழை விட்டபின் கண்டது என்று எழுதியிருக்கிறது. வரைந்தவர் பெயர் இல்லை. அந்தப் பிள்ளை யாராயினும் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் வர வேண்டும். முன்னொரு நாள் ஒரு பையனிடம் கேட்கத் தவறிய கேள்விகளை அவரிடம் கேட்க விரும்புகிறோம். எந்த ஓடை? எந்த மேடு? எந்த மாதம்? இன்னும் ஒன்று வரைந்து தருவாயா?

 காட்டையும் அதனைக் காணும் கண்களையும் படைத்த எல்லாம்வல்ல இறைவனின் திருவருள் எமது இளைஞர்களுக்குத் துணை நிற்பதாகுக.